காது

பாகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
தகரம் வேய்ந்த பட்டறை என்னுடையது.
பலகையில் பெயர் இருக்கிறது:
ச. பேச்சியம்மாள். சிலை, சிமெண்டு வேலை.
வருகிறவர்கள் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து
பேச்சியம்மா இருக்கிறாரா என்று
மலாயில் கேட்பார்கள்.
நான்தான், சொல்லுங்க என்றதும்
மோட்டார் சாவியைக் கைக்குக் கை மாற்றியபடி
சற்று நேரம் நிற்பார்கள்.

என் விலை முப்பத்தைந்து வெள்ளி.
அதையும் அப்பா மொத்தமாகத் தரவில்லை.
பத்து வெள்ளி பாக்கி,
அடுத்த சம்பளத்தில் கட்டினார் என்பாள் அம்மா.
யாரிடம் கட்டினார், எந்தக் கம்பத்தில்,
அதைக் கேட்டால்
அடுப்பில் ஏதாவது கருகத் தொடங்கிவிடும்.

காது குத்த மாமன் மடி வேண்டும்.
அம்மா கூடப்பிறந்தவர்கள் இல்லாதவள்.
கிராணி வீட்டுக் காரோட்டி ஜைலானி
சொங்கோக்கைச் சரிசெய்துகொண்டு
லயத்து வாசலில் சம்மணமிட்டார்.
அவர் மடியில் நான் போட்ட கூச்சல்
நாலாம் நம்பர் வெட்டு வரைக்கும் கேட்டதாம்.
தாய்மாமன் சீர்:
ஒரு சீப்பு வாழைப்பழம்,
பூப்போட்ட பாத்தேக் துணி.

கட்டிப்பாலைப் பிசைந்து
வாத்து செய்தேன், மண்டோர் தலை செய்தேன்.
நாற்றம் தாங்காமல் அம்மா கால்வாயில் எறிந்தாள்.
வாத்து வேரில் சிக்கிக்கொண்டது.
மண்டோர் மட்டும் மிதந்துகொண்டே போனார்.

கித்தா போய்ச் செம்பனை வந்த வருடம்
சிமெண்டு கலக்கும் கூலிக்குப் போனேன்.
கலக்கிய கை சும்மா இருக்கவில்லை.

என் முதல் முனியாண்டியைப் பார்த்து
கோயில் தலைவர் சொன்னார்:
கண்ணு என்ன, உங்க ஆளுங்க மாதிரி இருக்கு.
இரண்டு தடவை உடைத்துப் பெரிதாக்கினேன்.
மூன்றாம் தடவை மாட்டேன் என்றேன்.
அது விடியாத நாலரைக்குப்
பெரட்டுக் களத்தில் நின்ற சடையனின் கண்.
தூக்கம் போதாத தமிழன் கண்
அப்படித்தான் இருக்கும்.

சாலையோர தாத்தோக் கோங்குக்கு
சொங்கோக் வைத்த முகம் கேட்டுச்
சீனர்கள் வருவார்கள்.
யோசிப்பதே இல்லை, ஜைலானியைச் செய்துவிடுகிறேன்.
ஊரைச் சுற்றி ஏழு ஜைலானிகள்,
ஏழு பேருக்கும் ஊதுபத்தி.
தெரிந்தால் கோபித்துக்கொள்வார், பாவம்.

சிமெண்டு வாங்குவது சோங் இரும்புக் கடையில்,
பன்னிரண்டு வருடமாக.
அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹக்கா வராது,
பேரம் மலாயில்.
போன மழைக்காலத்தில் கம்பி வெட்டக் குனிந்தார்.
கதவு வெளிச்சம் காதை ஊடுருவியது.
மேல்மடல் விளிம்பில்
கடுகளவு முண்டு.
முகம் பொய் சொல்லும், மூக்கு உடையும்.
யாரும் பார்ப்பதில்லை என்பதால்
காது அப்படியே இருந்துவிடுகிறது.
என் கை தானாக மேலே போய்
தலையைச் சொறிவதுபோல் இறங்கியது.
மூன்று மூட்டை, கம்பி எட்டு அடி என்றேன்.

சீனப் பெருநாள் கழிந்து அவர் அம்மா இறந்துபோனாள்.
கல்லறைக்கு ஒரு முகம் வேண்டும் என்று
படத்தோடு வந்தார்.
கறுப்பு வெள்ளை. ரப்பர் முத்திரை விழுந்த மூலை.
கூந்தல் இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது.
காது தெரியவில்லையே?
உன் இஷ்டம் என்றார்,
முனியாண்டியைப் பார்த்தபடி.

ஒன்பது நாள் வேலை.
மற்றதெல்லாம் படத்தைப் பார்த்துச் செய்தேன்.
காதுக்கு மட்டும்
ஈர விரலால் என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
குத்திய ஓட்டையை வைக்கவில்லை,
அது சடையன் வீட்டுக் கணக்கு.

எடுத்துப் போக வந்தவர்
பக்கவாட்டில் நெடுநேரம் நின்றார்.
பணத்தை இரண்டு முறை எண்ணினார்.
பத்து வெள்ளி குறைகிறது,
அடுத்த மாதம் தரட்டுமா என்றார்.

சரி என்றேன்.
தமிழில்தான் வந்தது.